பின்படிக்கட்டு மட்டும்

“நான் வாயத் தொறக்கல, சரி. நீங்க ஏம்மா வாயத் தொறக்கல?”

இதே வார்த்தைதான். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. இதைக் கேட்டுவிட்டு அமுலு என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். வருஷக்கணக்காக என் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். உங்கள் பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடியும் ஏறி வந்திருக்கிறேன். படி நெடுக யாரோ மீன் கழுவின தண்ணீர். ஒரு கையால் புடவையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றால், வாசலிலேயே எனக்குக் கேள்வி.

நீங்கள் எதிர் வீடா? இந்த ஸ்டூலில் உட்காருகிறேன். தையுங்கள், தையுங்கள், நான் தொந்தரவு செய்யமாட்டேன். அந்த ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தீர்களா? நனைக்காமல் தைத்தால் ஒரே வெளுப்பில் சுருங்கிவிடும், அப்புறம் புடவைக்காரி உங்களைத்தான் திட்டுவாள். தப்பாக நினைக்காதீர்கள். தப்பு என்று தெரிந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

அமுலு உங்களிடம் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருத்தரைப் பற்றி முடிவு கட்டக்கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன். அவளும் உள்ளே இருந்து கேட்கட்டும். கதவு ஒன்றும் தேக்கு இல்லை.

எல்லாம் அந்த லேப்டாப்பால் வந்தது.

எங்களுடையது இருபது வீடு உள்ள அப்பார்ட்மென்ட். முன்பக்கம் லிஃப்டுக்கு எதிரே ஒரு கேமரா, பின்படிக்கட்டில் ஒரு கேமரா. பின்படி என்பது வேலைக்காரர்கள், கேஸ் சிலிண்டர், குப்பைக் கூடை, இவர்களெல்லாம் வந்துபோகிற வழி. போன மழையில் இடி விழுந்து, கேமரா படத்தைச் சேமித்து வைக்கிற பெட்டி எரிந்துபோனது. புதுப் பெட்டி வாங்குவதற்கு மீட்டிங் போட்டால் யாருக்கும் மனசு வரவில்லை. செக்ரெட்டரி தாமோதரன் சார் எழுந்து, “பெட்டி எதுக்கு, ஒரு லேப்டாப் வாங்கிட்டா அசோசியேஷன் கணக்கும் அதுலயே எழுதலாம், கேமராவும் அதுலயே ஓடும்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டுவதற்கு என்ன.

வாங்கிக்கொண்டு வந்தார் பாருங்கள். அப்பளம். பொரிக்காத அப்பளம். அவ்வளவு மெலிசு. ஒரு விரலால் தூக்கிக் காட்டுகிறார், “பாருங்க மேடம், வெயிட்டே இல்ல” என்கிறார். மோட்டார் ரூம் பக்கத்தில் மேஜை மேல் பூட்டி வைக்கப்போகிற சாமானுக்கு வெயிட் இல்லாமல் இருந்து என்ன ஆகவேண்டும்? அதை யார் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? நான் கேட்டேன். சிரித்தார். இந்த மனிதரின் சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அதை யார் பார்த்துக்கொள்வது என்று அடுத்த கேள்வி. “ரோகிணி மேடம் பகல்ல வீட்ல சும்மாதானே இருக்காங்க, இங்கிலீஷும் நல்லாத் தெரியும்” என்றார். சும்மா. காலையிலிருந்து அடுப்படியில் வேகிறவள் சும்மா இருக்கிறாளாம். ஆனால் இங்கிலீஷ் விஷயம் உண்மை. நான் கான்வென்டில் படித்தவள். திரையில் என்ன எழுதி வந்தாலும் படித்து அர்த்தம் சொல்கிறவர்கள் அந்தக் கட்டடத்தில் பகல் வேளையில் நான் ஒருத்திதான். ஒப்புக்கொண்டேன். அதுதான் என்னைப் பிடித்த சனியன்.

ஒரு வாரத்துக்குள் ஸ்டோரேஜ் ஃபுல் என்று வந்துவிட்டது. உள்ளே இடமில்லையாம். கேமரா ராத்திரியும் பகலும் படம் பிடித்துத் தள்ளுகிறது, அப்பளத்துக்குள் எவ்வளவு அடங்கும்? கடைக்குக் கொண்டுபோனேன். இன்னும் பெரிய ஸ்டோரேஜாக மாற்றிக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் பின்னால் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். “மேடம், இந்த மாடல்ல அது போர்டோட சேர்த்து ஒட்டியே வருது. கழட்டவும் முடியாது, மாட்டவும் முடியாது. வாங்கும்போதே பெரிசாப் பாத்து வாங்கியிருக்கணும்.” வாங்கும்போது என்னையா கூட்டிக்கொண்டு போனார்கள்?

பக்கவாட்டில் கார்டு போடுகிற ஓட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு மெமரி கார்டு போட்டுக் கொடுத்தார். பாதி உள்ளே, பாதி வெளியே, நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. மேஜை துடைக்கும்போது எங்கள் வாட்ச்மேன் அதை இடித்து வளைத்துவிட்டார். அப்புறம் குட்டையாக ஒரு கார்டு உண்டு, முழுசாக உள்ளே அடங்கிவிடும், இருப்பதே தெரியாது என்று அதை வாங்கினோம். முழுசாகத்தான் அடங்கியது, வெளியே எடுக்க நகம்கூடப் போகவில்லை. புருவம் திருத்துகிற இடுக்கியைக் கொண்டுபோய் எடுத்தேன். இருபது வீட்டு ஆண்பிள்ளைகள் இருக்கிற கட்டடம், நான் மோட்டார் ரூமில் புருவ இடுக்கியோடு நிற்கிறேன். அந்தக் கார்டும் சீக்கிரமே செத்துப்போனது. ஓயாமல் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். அதுவாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செத்தது, தினமும் ஒரு எச்சரிக்கை காட்டியது. எனக்கு அந்த வசதியும் இல்லை.

வெளியே தொங்குகிற ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். அதை மாட்டுவதற்குத் தனியாக ஒரு ஒயர் துண்டு, ஏனென்றால் மெலிசு லேப்டாப்பில் பெரிய ஓட்டை கிடையாது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுப் படுத்திருக்கிற நோயாளி மாதிரி இருந்தது. ஆனால் வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு வாரம் நிம்மதி. அதற்குள் தாமோதரன் சாரின் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்தார். ஏதோ படம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு போனார், போனதுதான். மாப்பிள்ளையிடம் போய்த் திருப்பிக் கொடு என்று எப்படிக் கேட்பார் மனிதர்? நாங்களும் கேட்கவில்லை. மாப்பிள்ளைகள் அப்படித்தான், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆன்லைனில் மாதாமாதம் பணம் கட்டி இடம் வாங்கலாம் என்றேன். நாலாவது மாடியில் ஒரு ரிடையர்டு பாங்க் மேனேஜர். “ஆகாசத்துல இடம் புடிச்சி வாடகை குடுக்கணுமா, அதுக்கு எவன் பத்திரம் தருவான்?” என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தேன், அப்போது கொஞ்சம் இடம் மிஞ்சும். குறைத்தால் முகம் தெரியவில்லை. யார் என்று தெரியாது, ஆனால் கையில் பை இருக்கிறது என்று தெரியும். சரி, பை தெரிந்தால் போதுமே என்று விட்டுவிட்டேன். அதிலும் மறுபடி ஃபுல்.

அப்போதுதான் நான் என் மூளையை உபயோகித்தேன். இதைத்தான் இந்த அமுலு குற்றம் என்கிறாள், நீங்களே நியாயம் சொல்லுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் நிறைந்துவிட்டால் புது ஃபிரிட்ஜா வாங்குகிறோம்? வேண்டாததைத் தூக்கிப் போடுகிறோம். எங்கள் போர்டிங்கில் சிஸ்டர் கொர்னேலியா சனிக்கிழமைதோறும் டெஸ்க்கைத் திறக்கச் சொல்வார், எது உனக்கு வேண்டும், எது வேண்டாம், முப்பது எண்ணுவதற்குள் முடிவு செய். அந்தப் பழக்கம். உட்கார்ந்து யோசித்தேன். முன் லிஃப்ட் கேமராவில் யார் வருகிறார்கள்? நாங்கள். எங்களை நாங்களே பார்த்து என்ன செய்வது? பின்படியில் யார் வருகிறார்கள்? வெளி ஆட்கள். பாதுகாப்பு என்பது யாருக்காக, யாரிடமிருந்து? கேள்வியே சுலபம். முன் லிஃப்ட் படத்தை அன்றன்றைக்குச் சாயங்காலமே அழித்தேன். பின்படியை வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் பாதி இடம் கிடைத்தது. எந்த ஓட்டையிலும் எதையும் சொருகாமல், யாரிடமும் கையேந்தாமல். தாமோதரன் சார் மீட்டிங்கில் பேர் சொல்லிப் பாராட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் ஒரு ஆண்பிள்ளை என்னை மேடை போட்டுப் பாராட்டியது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாட்ஸப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நவராத்திரி.

கொலு என்றால் உங்களுக்குத் தெரியுமே. எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். கீழ் வீட்டுக்காரி மேலே போவாள், மேல் வீட்டுக்காரி கீழே வருவாள், பட்டுப்புடவை சரசரவென்று லிஃப்டில் ஏறுவதும் இறங்குவதும். கையில் தட்டு, சொம்பு, பித்தளை, வெள்ளி, சுண்டல் கிண்ணம். வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி ஒன்று, ஏதாவது சாமான் ஒன்று. அந்தச் சாமானைப் பற்றிக் கேட்காதீர்கள். போட்டி. போன வருஷம் அவள் ஸ்டீல் டப்பா கொடுத்தாள் என்று இந்த வருஷம் இவள் அதைவிடப் பெரிசாகக் கொடுப்பாள். எங்கள் மூன்றாவது மாடி வைஜெயந்தி இந்தத் தடவை ஹாட் பாக்ஸ் கொடுத்தாள். பிளாஸ்டிக். ரோஸ் கலரா, மாத்திரை கலரா என்று தெரியாத ஒரு கலர். மூடி மேல் மயில். அதைக் கையில் வாங்கும்போதே எனக்கு உடம்பு கூசியது. “எவ்ளோ அழகா இருக்கு வைஜு” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் கமிட்டியில் பொருளாளர். சாயங்காலம் என்னோடு வாக்கிங் வருகிறவள்.

அந்தக் கர்மத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? அன்றைக்கே அமுலுவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். ஹாட் பாக்ஸ், ரெண்டு ரவிக்கைத் துணி, மீந்த சுண்டல். ஒரு வேலைக்காரிக்கு இதைவிட யார் கொடுப்பார்கள்? சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். “மயிலு நல்லாக்கீதும்மா” என்றாள். ஒன்று மட்டும் சொன்னேன். வைஜெயந்தி அம்மா கண்ணில் பட்டுவிடக்கூடாது, கொடுத்த சாயங்காலமே தூக்கி வேலைக்காரிக்குக் கொடுத்தேன் என்று தெரிந்தால் அவள் என் முகத்தில் முழிக்கமாட்டாள். மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள், பின்படி வழியாகப் போ, யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் போ, யார் கேட்டாலும் நான் கொடுத்தேன் என்று சொல்லாதே. இதில் என்ன தப்பு? வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். நீங்கள் யாருக்கும் கொடுத்ததில்லையா, யாரோ கொடுத்ததை? ஊசியைப் பார்த்துத் தையுங்கள், குத்திவிடப் போகிறது.

மறுநாள் காலை வைஜெயந்தி வீட்டில் வெள்ளிப் பன்னீர்ச் சொம்பைக் காணோம். அவளுக்குக் கல்யாணத்தில் வந்த சொம்பு. அழுது ஊரைக் கூட்டினாள். உடனே மீட்டிங். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு, அந்த அப்பளத்தை நடுவில் வைத்து, எல்லாரும் சுற்றி நின்றார்கள். என்னைத்தான் ஓட்டச் சொன்னார்கள். முன் லிஃப்ட் படத்தைப் போடுங்கள் என்றார் பாங்க் மேனேஜர். அது இல்லை என்றேன். ஏன் இல்லை? நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்களே, அதனால் இல்லை. சரி, இருப்பதைப் போடுங்கள் என்றார்கள். இருந்தது பின்படி மட்டும்.

பின்படியில் சிலிண்டர்காரன் வந்தான், போனான். குப்பைக்காரம்மா வந்தாள், போனாள். அப்புறம் அமுலு. முகம் மங்கல்தான், ஆனால் அந்தப் புடவையும் நடையும் எல்லாருக்கும் தெரியும். தோளில் பை, புடைத்துக்கொண்டிருக்கிறது, மேலே துண்டு. ரெண்டு படி இறங்குகிறாள், நிற்கிறாள். மேலே பார்க்கிறாள், கீழே பார்க்கிறாள். துண்டை இழுத்து மூடுகிறாள். அப்புறம் திரும்பி யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள், இறங்கிப் போய்விடுகிறாள்.

“திருப்பிப் போடுங்க” என்றார் தாமோதரன் சார். போட்டேன்.

“யாரப் பாத்துச் சிரிக்கிறா? கூட்டாளி இருக்கான்” என்றார் பாங்க் மேனேஜர்.

நான்தான். எங்கள் சமையலறைப் பின்கதவு அந்தப் படிக்கட்டில்தான் திறக்கும். கதவருகில் நின்று, போ போ என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் நான் இல்லை. கேமராவை அப்படி மாட்டியிருக்கிறார்கள், கதவு வட்டத்துக்குள் வராது. நான் மாட்டச் சொல்லவில்லையே.

அமுலுவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். “பையில என்ன?” என்று கேட்டாள் வைஜெயந்தி. இவள் பேசவில்லை. என்னைப் பார்க்கிறாள். கேட்டது வைஜெயந்தி, பதிலை அவளிடம் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்? இருபது வீட்டுக்காரர்களும் அவள் கண் போன திக்கில் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் திரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? “பதில் சொல்லேன்” என்றேன் நானும். அதற்கும் சொல்லவில்லை. சொல்லாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன், உண்மை. அதை இப்படிப் பிடித்துக்கொண்டு ஊமையாக நிற்பாள் என்று யார் கண்டது? ஆபத்து என்று வந்தால் யாரும் வாயைத் திறப்பார்கள். எனக்குக் கொடுத்த வாக்கு அவ்வளவு பெரிசா அவளுக்கு? யார் கேட்டார்கள் அதை?

சரி, அவள்தான் பேசவில்லை, நீ பேசியிருக்கலாமே என்பீர்கள். எப்படி? பக்கத்தில் வைஜெயந்தி நிற்கிறாள். அந்த மயில் டப்பாவைப் பிடிக்காமல் வேலைக்காரிக்குத் தள்ளிவிட்டேன் என்று இருபது குடும்பத்துக்கு நடுவில் சொல்லச் சொல்கிறீர்களா? அழுதுகொண்டு வேறு இருக்கிறாள். சொம்பும் போய், பரிசும் போய் என்று அவளை அவமானப்படுத்த வேண்டுமா? என் மனசு இடம் கொடுக்கவில்லை. அதோடு ஒன்று பாருங்கள், நான் கொடுத்ததோடு சேர்த்து அவள் வேறு எதையும் எடுத்து வைத்திருக்கமாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.

போலீஸுக்குப் போகவில்லை. அதுவே பெரிய மனசு. தாமோதரன் சார் அந்த வீடியோவை மட்டும் தெரு குரூப்பில் போட்டார், ஜாக்கிரதையாக இருங்கள் என்று. நான்தான் வெட்டி எடுத்துக் கொடுத்தேன், கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா. அமுலு அஞ்சு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அஞ்சு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். நானும்தான் நிறுத்தினேன். எல்லாரும் நிறுத்தும்போது நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டால் என்ன நினைப்பார்கள்?

சரஸ்வதி பூஜை முடிந்து பொம்மைகளைக் கட்டி வைக்கிறபோது சொம்பு கிடைத்துவிட்டது. எங்கே என்று கேளுங்கள். தாமோதரன் சார் வீட்டில். அவர் பெண்டாட்டி நளினா, அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வைஜெயந்தியின் மாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். மாமியாருக்கு மறதி. கொடுத்தது ஞாபகமில்லை. நளினாவுக்கு வாங்கினது ஞாபகமில்லையாம், கொலு சாமானோடு அதையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாளாம். மீட்டிங்கில் புருஷன் பக்கத்தில் நின்று ச்சுச்சுச் என்று உச்சுக் கொட்டினவள். லிஃப்டில் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பாள். அன்று சாயங்காலம் நான் அழித்ததில் அதுவும் இருந்திருக்கும். இருக்கட்டும். அழிக்கும்போது எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

எனக்கு அந்த மனிதர்களைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது. நிஜமாகச் சொல்கிறேன். வைஜெயந்தி குரூப்பில் என்ன போட்டாள் தெரியுமா? ‘சொம்பு கிடைத்துவிட்டது, அம்பாள் கருணை.’ கீழே எல்லாரும் கை கூப்பின படம். பாங்க் மேனேஜர் ஒரு தாமரைப்பூ. ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என்ன ஜனங்கள். நானும் கை கூப்பின படம்தான் போட்டேன். போடாமல் விட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்.

இன்றைக்கு ஏன் வந்தேன் என்று அமுலு கேட்டிருக்கலாம், அதை விட்டுவிட்டு வேறு என்னத்தையோ கேட்கிறாள். புதுசாக ஒருத்தியை வைத்தேன். குக்கரை மூடியோடு சேர்த்துத் தண்ணீரில் முக்கி வைக்கிறாள். தோசைக்கல்லைக் கம்பி போட்டுத் தேய்த்துவிட்டாள், இனி ஜென்மத்துக்கும் அதில் தோசை வராது. சிங்க்கில் கை விட்டால் அடியில் சோறு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் என் பையனுக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். நல்ல இடம். அவர்கள் முன்னால் இந்த டம்ளரில் காபியை எப்படி நீட்டுவேன்? அமுலு தேய்த்தால் டம்ளரில் முகம் பார்க்கலாம். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. நல்ல கை. இப்போது ஏதோ கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவப் போகிறாளாமே, உங்கள் கீழ் வீட்டுக்காரர் சொன்னார். அந்தக் கைக்கு அண்டாவா?

அவளுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த வீடியோ இன்னும் லேப்டாப்பில் இருக்கிறது. மற்ற நாள் படத்தையெல்லாம் அழித்துவிட்டேன், அதை மட்டும் அழிக்கவில்லை. முதலில் சாட்சி என்று வைத்தேன். அப்புறம் என்னவோ, அழிக்கக் கை வரவில்லை. சாயங்காலம் மோட்டார் ரூமுக்குப் போனால் ஒரு தடவை போட்டுவிடுகிறேன். அவள் நின்று திரும்பிச் சிரிக்கிற இடம் வரைக்கும் பார்ப்பேன். தரத்தைக் குறைத்து வைத்ததில் முகம் சரியாகத் தெரியாது, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் அப்படிச் சிரிக்க வேண்டும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு? மூடிவிடுவேன். அதைத்தான் அழிக்கிறேன் என்று சொல்ல வந்தேன். வேலைக்கு வா, வந்த அன்றைக்கே உன் கண் முன்னால் அழித்துவிடுகிறேன் என்று. கொஞ்சம் இடமும் கிடைக்கும். மற்றவர்கள் போனில் இருப்பதை நான் என்ன செய்ய முடியும், அது அவரவர் போன்.

அவள் என்ன கேட்கிறாள் தெரியுமா? குரூப்பில் ஒரு வரி எழுத வேண்டுமாம். “பையில இருந்தது நான் குடுத்ததுன்னு நீங்க எழுதுங்க, நான் நாளைக்கே வரேன்.” கதவைச் சாத்துவதற்கு முன்னால் கேட்டாளே, உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒரு வரிதானாம். சொல்வது சுலபம். அந்த ஒரு வரியை வைஜெயந்தி படிக்கமாட்டாளா? நளினா படிக்கமாட்டாளா? அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று இருபது வீடும் என்னைக் கேட்காதா? அதுவும் பெண் வீட்டார் வருகிற சமயத்தில். அவர்களில் ஒருத்தர் எங்கள் தெருவில் இருக்கிறார், அந்த குரூப்பிலும் இருக்கிறார். தான் கேட்பது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. படிக்காதவர்களிடம் இதுதான் கஷ்டம், தன் ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அமுலு. நான் பேசுவது கேட்கிறது என்று எனக்குத் தெரியும், உள்ளே ஃபேன் ஓடுகிறது. இதோ பார், திங்கட்கிழமை காலையில் வந்துவிடு. பின்படி வழியாக வரவேண்டாம், முன் லிஃப்டிலேயே வா. தாமோதரன் சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். யாராவது ஏதாவது கேட்டால் நான் கூப்பிட்டேன் என்று சொல்லு. தைரியமாகச் சொல்லு, இந்தத் தடவை சொல்லாதே என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறேன், நல்லதாக, கடையில் நீயே வந்து பொறுக்கிக்கொள். யாரோ எனக்குக் கொடுத்ததைத் தரமாட்டேன். கேட்கிறதா?

பார்த்தீர்களா, ஃபேனையும் நிறுத்திவிட்டாள். இந்த வெயிலில். எவ்வளவு கொழுப்பு இருந்தால் வேர்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

நீங்களாவது சொல்லுங்களேன் அவளிடம். பக்கத்தில் இருக்கிறவர் சொன்னால் கேட்பாள். நான் வந்ததிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல் முடிந்துவிட்டதா, மடித்துவிட்டீர்களே. ஓரத்தில் இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டால் காலில் மாட்டும். சரி, உங்கள் இஷ்டம். எழுந்திருக்கிறீர்களா? உள்ளே போகிறீர்களா?

போவதுதான் போகிறீர்கள், எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவாருங்கள். பேசிப் பேசித் தொண்டை ஒட்டிக்கொண்டுவிட்டது, நாலு மாடி இறங்க வேறு வேண்டும். கேன் தண்ணீர்தான் வேண்டும் என்றில்லை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏங்க, உங்களைத்தான். கதவை ஏன் சாத்துகிறீர்கள்? ஒரு வாய் தண்ணீர்தானே கேட்டேன்.

ஏங்க.